செக்கிங் அக்கா பெற்ற பிள்ளை

எங்கள் தையல் கம்பெனியில் செக்கிங் அக்காவுக்குப் பயப்படாத ஆளே கிடையாது. நாங்கள் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து சட்டை தைப்போம். ஒருத்தி காலர், ஒருத்தி பாக்கெட், ஒருத்தி கை, நான் மணிக்கட்டுப் பட்டி. வரிசை முடிகிற இடத்தில் ஒரு வெள்ளை மேசை, அதற்கு மேலே இரண்டு ட்யூப்லைட், அதன் கீழே அக்கா. முடிந்த சட்டையெல்லாம் அவள் கைக்குத்தான் போகும். எடுத்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்புவாள். தையல் தவறிய இடம், நூல் தொங்குகிற இடம், துணி சுருங்கிய இடம் எங்கே இருந்தாலும் விரல் நேராக அங்கே போய் நிற்கும். சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தில் ஒட்டி, தைத்தவளுக்கே திருப்பி அனுப்பிவிடுவாள். திட்டமாட்டாள், முறைக்கமாட்டாள். சூப்பர்வைசரே அவள் மேசைப் பக்கம் வந்தால் குரலை இறக்கித்தான் பேசுவார்.

எனக்குக் கம்பெனியில் ‘ரேடியோ’ என்று பேர். வாயை மூடமாட்டேன் என்பதால் வைத்தது. அக்காவும் நானும் ஒரே குடியிருப்பில் மூன்றாவது மாடி, எதிரெதிர் வீடு. பதினெட்டு வருஷமாக ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் ஒரே பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறோம். அவளைப் பற்றியும் அவள் பையனைப் பற்றியும் பேச எனக்கு உரிமை இருக்கிறது. உரிமை இல்லாத ஏகப்பட்ட பேர் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். டிவிக்காரன் ஒருவன் எங்கள் மாடிப்படியில் வைத்து என் மூக்குக்கு நேரே மைக்கை நீட்டி, “ஒரே வார்த்தையில சொல்லுங்க, அந்தப் பையன் ஏன் அந்தக் கூட்டத்துல போய்ச் சேர்ந்தான்?” என்று கேட்டான். ஒரே வார்த்தையாம்! அப்போது என் வாயில் வந்த ஒரே வார்த்தையை எந்த டிவியிலும் போட முடியாது.

பையனுடைய அப்பன் எங்கே என்று கேட்காதீர்கள். பையனுக்கு ஆறு வயதாகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன், அதற்குப் பிறகு இருக்கிறானா செத்தானா என்று யாருக்கும் தெரியாது. அக்கா தனியாளாக வளர்த்தாள். எப்படி வளர்த்தாள் என்றால், மேசையில் சட்டை பார்க்கிற மாதிரியே வளர்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையன் வாசலில் நிற்பான். நகத்தைக் காட்ட வேண்டும், காதைக் காட்ட வேண்டும், எழுதிய நோட்டைக் காட்ட வேண்டும். எழுபது மார்க் வாங்கி வந்தால் அந்த எழுபதைப் பற்றி ஒரு பேச்சு இருக்காது. மீதி முப்பது எங்கே என்றுதான் கேட்பாள். நான் என் வீட்டு வாசலிலிருந்து, “விடுக்கா, புள்ள நின்னு நின்னு நெட்டையாயிடுவான்” என்று கத்துவேன். நெட்டையாகத்தான் ஆனான். ஆனால் கெட்ட பிள்ளை இல்லை. என் பெண்ணும் அவனும் ஒரே வகுப்பு. அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான்.

அக்காவுக்கு அவன் மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டில் கை வைக்கமாட்டாள். அவனுக்குக் காய்ச்சல் என்றால் மேசையில் உட்கார்ந்திருப்பாள், ஆனால் அன்றைக்கு எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம், கோணல் தையல் எல்லாம் தப்பித்துப் போகும். பாசம் இருந்தது. அதை வாயால் சொல்லத்தான் அவளுக்குத் தெரியவில்லை. குறையைச் சொன்னால் அக்கறை என்று பிள்ளைக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

படிப்பு முடிந்து ஒன்றரை வருஷம் வேலைக்கு அலைந்தான். எழுதிப்போட்ட இடத்திலிருந்து பதில்கூட வராது. கடைசியில் அக்காவே சூப்பர்வைசரிடம் பேசி அவனை எங்கள் வரிசையில் சேர்த்துவிட்டாள். சட்டையின் பக்கத் தையல் அவனுக்கு. முதல் மாதம் பழகுகிற மாதம், யாருடைய சட்டையையும் கணக்கில் வைக்கமாட்டார்கள். இரண்டாவது மாதம் முதல் நாள், அவன் தைத்த முப்பது சட்டைக் கட்டு ஒன்று மேசைக்குப் போனது. அக்கா உட்கார்ந்து பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு சட்டை திரும்பி வந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே கட்டில் பத்துக்கு மேல் திரும்பினால், அதில் ஒன்றை ஸ்டிக்கரோடு சாப்பாட்டு அறை வாசலில் இருக்கும் பலகையில் தொங்கவிட்டு, தைத்தவருடைய நம்பரைப் பக்கத்தில் எழுதிவைப்பார்கள். ஒரு நாள் முழுக்கத் தொங்கும். சூப்பர்வைசர்கூடத் தயங்கினார். “உங்க பையன்தானேம்மா, இன்னிக்கு விட்டுடலாமே” என்றார். அக்கா விடவில்லை. “என் பையன்னு விட்டா, நாளைக்கு நான் யார் சட்டையைத் திருப்பி அனுப்ப முடியும்?” என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். நியாயம் பேசியே வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களே, அதில் முதல் ஆள் அவள்.

அந்த இருபத்திரண்டையும் பிற்பாடு நான் புரட்டிப் பார்த்தேன். அதில் பதினாலு சட்டை வேறு யார் தைத்திருந்தாலும் பாஸ் ஆகியிருக்கும். அன்றைக்கு நான் தைத்த பட்டியில் இரண்டு கோணல். அதை விட்டுவிட்டாள்! அவள் கண் முழுக்கப் பையன் சட்டையிலேயே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவன் டப்பாவோடு அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். அப்போது நான் ஒன்று செய்தேன். இதை டிவிக்காரனிடம் சொல்லவில்லை, போலீஸிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, “வாங்க ஸ்டிக்கர் மாப்பிள்ளை! ஒட்டுறதுக்கு உடம்புல இன்னும் இடம் மிச்சம் இருக்கா?” என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான். அவன் சிரித்ததால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் வாயில் தீயை வைக்க! அன்றிலிருந்து கம்பெனியில் அவன் பேர் ‘ஸ்டிக்கர்’. ஒரே வாரத்தில் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. கடைக்குப் போனால் ஸ்டிக்கர், பஸ்ஸில் ஏறினால் ஸ்டிக்கர். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டான்.

ஒரு சட்டைக்காக எவனும் குண்டு தூக்கமாட்டான் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பலகையில் என் சட்டையும் தொங்கியிருக்கிறது. நான் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். ஸ்டிக்கரைவிடக் கேவலமான பட்டப்பெயரோடு கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, பேரன் எடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அப்புறம் இவனுக்கு மட்டும் என்ன கேடு என்று நானும் யோசித்து யோசித்துத்தான் பார்க்கிறேன். ஒரு காரணத்தைப் பிடித்தால் அது பாதியில் கையை விட்டுப் போகிறது.

அந்தச் சமயம் ஊர் நிலவரமும் சரியில்லை. முனைக்கு முனை சிப்பாய்கள் துப்பாக்கியோடு நிற்பார்கள். எல்லாரையும் நிறுத்துவார்கள் என்று பேர், நிறுத்துவது எங்கள் ஆட்களை மட்டும்தான். ஒரு நாள் சாயங்காலம் எங்கள் பஸ் பாலத்துக்குப் பக்கத்தில் திரும்பும்போது, ரோட்டோரம் ஏழெட்டுப் பையன்களை முட்டி போட வைத்திருந்தார்கள். நடுவில் நெட்டையாக ஒருவன். அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டு மணி நேரமாக அப்படியே வெயிலில்! அக்கா அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கி, வீட்டுக்கு ஓடி, அட்டையை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அட்டையைக் காட்டினாள். அவர்கள் பார்த்துவிட்டு, எழுந்து போ என்றார்கள். பையன் எழுந்து நிற்கிறான், முட்டியில் கல் பதிந்து ரத்தம். அக்கா அவனைப் பார்த்து, “அட்டையை எடுத்துட்டுப் போன்னு காலையிலயே சொன்னேன்ல?” என்றாள்.

துப்பாக்கிக்காரன் ஒருவன் அதைக் கேட்டுச் சிரித்தான். அக்காவுக்கு யார் மேல் கோபம் என்று எனக்குத் தெரியும். துப்பாக்கிக்காரனைத் திட்ட முடியாது, அதனால் திட்ட முடிகிற ஆளைத் திட்டினாள். ஆனால் நடு ரோட்டில் முட்டியில் ரத்தத்தோடு நிற்கிற பையனுக்கு அதெல்லாம் எங்கே புரியும்?

எங்கள் தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதில் எடை தூக்குகிற பழைய இரும்புகளையும் இரண்டு பெஞ்சையும் போட்டு ஒருவர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். எல்லாருக்கும் அவர் ‘ஜிம் அண்ணன்’. நான் அவரைக் கடையில் பார்த்திருக்கிறேன். அமைதியான ஆள். சின்னப் பையன்களைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். பட்டப்பெயர் சொல்லி யாரையும் கூப்பிடமாட்டார். ஸ்டிக்கர் என்று யாராவது சொன்னால், “அவருக்கு அம்மா வச்ச பேர் இருக்கு” என்று திருத்துவாராம். பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கிற முழுப் பேரைச் சொல்லித்தான் இவனைக் கூப்பிடுவாராம். பையன் அங்கே போக ஆரம்பித்த மூன்றாவது வாரம், கொட்டகைச் சாவியை இவன் கையில் கொடுத்து, “நாளையிலேருந்து நீங்களே திறங்க” என்றாராம்.

இதெல்லாம் என் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாவியை அவளிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறான். “ஒண்ணுமே கேக்காம குடுத்துட்டாரு தெரியுமா? திருடுவியா, ஒழுங்கா பூட்டுவியா, எதுவும் கேக்கல” என்று சொல்லும்போது அவனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பாம். பத்தொன்பது, இருபது வயதுப் பையன். அதுவரைக்கும் எவனும் அவனை நம்பி ஒரு குண்டூசி கொடுத்தது கிடையாது. இந்தத் தெருவில் இத்தனை பேர் இருந்தோமே, அவனைக் கூப்பிட்டு ஒரு பொறுப்பைக் கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்குத் தோன்றியதா? எனக்குத் தோன்றியதெல்லாம் கிண்டல் பண்ணத்தான்.

காலையில் கொட்டகையைத் திறப்பான், பெருக்குவான், பயிற்சி செய்வான். பயிற்சி முடிந்ததும் பன்னிரண்டு பையன்கள் சுற்றி உட்காருவார்கள். அண்ணன் பேசுவார். எங்கே எந்தத் தெருவை எரித்தார்கள், யாரைக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பவில்லை, எல்லாம் தேதியோடு சொல்வார். அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. அதுதான் எனக்கு எரிச்சல். முழுப் பொய்யாக இருந்திருந்தால் பையன்கள் பாதியிலேயே எழுந்து வந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் பெரிய பெரிய பேராக வைத்துக்கொண்டார்கள். நான் கூட்டம் என்றுதான் சொல்வேன்.

ஒரு நாள் அக்கா வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் பையனைக் காணோம். மேசை மேல் ஒரு தாள்: ‘வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. தேட வேண்டாம்.’ கொட்டகையும் பூட்டிக் கிடந்தது. மறுநாள் பஸ்ஸில் அக்கா என்னிடம், “தம்பிக்குக் கப்பல் கம்பெனில வேலை கிடைச்சிருக்குடி, திடீர்னு கிளம்பச் சொல்லிட்டாங்க” என்றாள். நானும் மண்டு மாதிரி கம்பெனி முழுக்க ஒலிபரப்பினேன். யார் எப்போது கேட்டாலும் அக்கா அந்தக் கப்பலை ஓட்டிக்கொண்டே இருந்தாள். இப்போது எந்தத் துறைமுகம், அங்கே குளிர் எப்படி, எல்லாம் சொல்வாள். பொய்யில்கூட ஒரு தையல் தவறாது அவளுக்கு.

கப்பல் பொய் என்று அக்காவுக்குத் தெரியும், பூட்டிக் கிடந்த கொட்டகையைப் பார்த்ததுமே அவன் யாரோடு போனான் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. என் பெண்ணுக்கும் தெரியும். “அண்ணன்கூடப் போறேன்” என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். அக்கா இவ்வளவு தெம்பாகக் கப்பல் என்று சொல்வதைக் கேட்டு, நாம் எதற்கு வாயைத் திறந்து அசிங்கப்படுத்த வேண்டும் என்று அவள் இருந்துவிட்டாள். பத்து மாதம் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒரே விஷயத்தை மூடிவைத்திருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே ஒருத்தி அழுதிருந்தால் நாலு பேர் சேர்ந்து தேடியிருப்போம். வெட்கம் பிடித்து ஆட்டினால் புத்திசாலிக்கும் புத்தி வேலை செய்யாது.

பத்தாவது மாதம், சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சந்தையில் குண்டு வெடித்தது. ஐந்து பேர் செத்தார்கள். அதில் ஒருவர் எங்கள் கம்பெனியில் பட்டன் வைக்கிற பெண்ணின் அப்பா. தக்காளி வாங்கப் போன மனுஷன். அந்த வீட்டுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். அந்தப் பெண் அக்காவின் மடியில்தான் விழுந்து அழுதாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள், ஒரு பொட்டுத் தண்ணீர் கண்ணில் இல்லை. ஜிம் அண்ணனுடைய படம் அன்றைக்கு டிவியில் வந்தது. தேடுகிறார்களாம். என் பெண் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் என் பெண்ணின் போன் அடித்தது. அவன்தான். “நான் அங்கேருந்து ஓடி வந்துட்டேன். ஒரு இடத்துல இருக்கேன். அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் வந்தா வீட்டுக்குள்ள விடுவாங்களா?” என்றான். நான் எதிர் வீட்டுக்குப் பாய்ந்து போய் அக்காவை இழுத்துக்கொண்டு வந்தேன். என் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் நீட்டினாள்.

“அம்மா” என்றான் அவன்.

பத்து மாதம் கழித்து அந்தக் குரல். என் கண்ணில் தாரை தாரையாக ஊற்றுகிறது. அக்கா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “சந்தையில நடந்ததுல நீ இருந்தியா?” என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. போனை வைத்துவிட்டான்.

என் வாழ்க்கையில் அவளை அப்படி நான் திட்டியதே இல்லை. “நீயெல்லாம் பெத்தவளாக்கா? புள்ள உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு வரட்டுமான்னு கேக்குறான். வான்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல உனக்கு? அங்கயும் ஸ்டிக்கர் ஒட்டணுமா?” என்று கத்தினேன். என் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா சுவரோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“நாளைக்குக் காலைல அந்தப் பட்டன் பொண்ணு பக்கத்துலதான்டி பஸ்ல உக்காரணும். தெரியாம எப்படி உக்காருவேன்?” என்றாள்.

“தெரிஞ்சா மட்டும் எப்படி உக்காருவே?”

அவள் சுவரைப் பிடித்து எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவன் மறுபடியும் கூப்பிடுவான் என்று என் பெண் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். டிவியில் எவனையாவது சுட்டுவிட்டார்கள் என்று சொல்லும்போதெல்லாம் எதிர் வீட்டுக் கதவு திறக்கும். அக்கா வந்து என் வீட்டு வாசலில் நின்று படத்தைப் பார்ப்பாள். அவன் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விடுவாள்.

மூன்று வாரம் கழித்து, கம்பெனி விடுமுறையாக இருந்த ஒரு வியாழக்கிழமை, மறுபடியும் போன். இந்தத் தடவை நான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கி, “வா. அவ்வளவுதான். வேற ஒரு எழுத்து உன் வாயிலேருந்து வரக்கூடாது” என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன். ஆனால் முதலில் பேசியது அவன்.

“அம்மா, அன்னிக்குக் கேட்டல்ல. அந்தப் பையைக் கொண்டுபோய் வச்சது நான்தான்.”

என் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாதும்மா. கடைக்கிட்ட வச்சிட்டு வந்துடுங்க, ஒருத்தர் வந்து எடுத்துக்குவாருன்னு அண்ணன் சொன்னாரு.”

“திறந்து பாக்கலயா?”

“இல்ல.”

“கேக்கவும் இல்லையா?”

“எப்படிம்மா கேப்பேன்? அவரு என்னை ஒரு தடவைகூட எதுவும் கேட்டதில்ல. எங்க போனே, என்ன பண்ணே, ஏன் லேட்டு, எதுவுமே கேட்டதில்ல. நான் மட்டும் கேட்டா, நம்பலன்னு ஆயிடாதா?”

அக்கா ரொம்ப மெதுவாக, “நிஜமாவே உனக்குத் தெரியாதாடா?” என்றாள்.

அவன் அழ ஆரம்பித்தான். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் அழுகிற அதே அழுகை. “பை கனமா இருந்துச்சும்மா. எனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு நானே பாத்துக்கிட்டேன்” என்றான்.

எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொன்னார்கள். பட்டினி என்றார்கள், படிப்பில்லை என்றார்கள், வளர்ப்பு சரியில்லை என்றார்கள், மூளைச்சலவை என்றார்கள். எனக்கு இந்த ஒன்றுதான் தலையில் நிற்கிறது. ஆயுசு முழுக்கத் தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களிடமிருந்து ஓடி, ஒன்றுமே பார்க்காதவனிடம் போய்ச் சேர்ந்தான். அந்தச் சுகம் கெட்டுவிடக் கூடாது என்று கையில் இருந்ததை அவனும் பார்க்கவில்லை. அதற்கு அந்த ஐந்து பேர் என்ன பாவம் செய்தார்கள்? இதை நினைத்தால் அவன் மேல் பரிதாபமும் கோபமும் ஒரே நேரத்தில் வருகிறது.

“வா” என்றாள் அக்கா. நான் மூச்சு விட்டேன். “வாடா. ஆனா வந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம். அங்க உன்னை அடிக்காம இருக்க என்ன பண்ணணுமோ அதை நான் பாத்துக்குறேன். நான் கூடவே வரேன்.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரிம்மா” என்றான்.

மறுநாள் அக்கா வேலைக்குப் போகவில்லை. பதினெட்டு வருஷத்தில் சொல்லாமல் போட்ட முதல் லீவு. காலையிலேயே ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தாள். மூன்றரை மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன் என்று அந்த அம்மா சொன்னார். மூன்று மணிக்கு, அவன் சொன்னபடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பஸ் நிறுத்தத்தில் நானும் அக்காவும் நின்றோம். இரண்டு பஸ் போனது. மூன்றாவது பஸ்ஸிலிருந்து அவன் இறங்கினான். தாடி, ஒட்டிப்போன கன்னம், யாருடையதோ ஒரு சட்டை. நானாக இருந்தால் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து ஊரைக் கூட்டியிருப்பேன். அக்கா போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் விடவே இல்லை. சின்ன வயதில் ரோட்டைத் தாண்டும்போது பிடிப்பாளே, அப்படி.

“சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.

“ம்” என்றான். பொய் என்று எனக்கே தெரிந்தது.

மூன்று பேரும் நடந்தோம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. காய்கறி வண்டிக்காரர், செருப்புத் தைக்கிறவர், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எல்லாரும் அவரவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போகிற வழி எங்கள் குடியிருப்பு வாசலைத் தாண்டித்தான். அங்கே வந்ததும் பையனுடைய கால் நின்றுவிட்டது. நிமிர்ந்து மூன்றாவது மாடியைப் பார்த்தான். துணி காய்ந்துகொண்டிருந்தது.

“அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வீட்ல படுத்துத் தூங்கிட்டு, நாளைக்குக் காலைல போலாமா?” என்றான்.

“வாடா கண்ணு. நான் சோறாக்குறேன். ஒரு நாள்தானே, ஒரு குருவிக்குக்கூடத் தெரியாம நான் பாத்துக்குறேன்” என்றேன். அக்காவிடம், “விடுக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரே ஒரு நாள்” என்று கெஞ்சினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவும் மேலே பார்த்தாள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. நாற்பது படி ஏறினால் வீடு. அவள் அழுவதை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கக்கூட இல்லை, அவன் கையை விட வேண்டியிருக்குமே.

“வேணாம்டா” என்றாள். “நீ படுத்துத் தூங்குறதை ஒரு ராத்திரி பாத்துட்டேன்னா, அப்புறம் நான் உன்னை அனுப்பமாட்டேன்.”

அவன் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். நான் பின்னாலேயே போனேன்.